‘மிஸ்ரம்’ என்றால் எந்த ஏழு? தாளம், உருப்படி, வாத்தியச் சொற்கள் பற்றி ஒரு இழை

கொழிஞ்சாம்பாறை கீபோர்ட்

எல்லோருக்கும் வணக்கம். கேரள–தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்று வாசிக்கிற சின்ன மெல்லிசைக் குழு எங்களுடையது. நான் கீபோர்ட். ஒரு மிருதங்கம், ஒரு ரிதம் பேட், பாட இரண்டு பேர், இப்போது நெம்மாறைப் பக்கத்திலிருந்து ஒரு செண்டைக்காரரும் சேர்ந்திருக்கிறார். போன வாரப் பயிற்சியில் மிருதங்கக்காரர் “இந்த இடத்தை மிஸ்ரத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும்” என்றார். பேட் வாசிப்பவர் உடனே 7/8 வைத்தார். பாடுகிற அக்கா மிஸ்ர சாப்பு என்று எண்ணிக் கையில் தாளம் போட ஆரம்பித்தார். செண்டைக்காரர் “பாண்டி மேளம் மாதிரியா?” என்று கேட்டார். எல்லோருக்கும் ஏழு என்பது தெரிகிறது, ஆனால் நாலு பேருடைய ஏழும் ஒன்றோடொன்று சேரவில்லை.

நடை, ஜாதி, களை, காலம், எடுப்பு, கோர்வை, மோரா என்று அவர்கள் பேசும்போது எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. புத்தகத்தில் 35 தாளம், 175 தாளம் என்று அட்டவணை இருக்கிறது, அதைப் பார்த்தால் மேடையில் ஒன்றும் உதவவில்லை. வாசிக்கிறவர்கள் யாராவது கையோடு புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

தொப்பியும் வலந்தலையும்

தம்பி, உங்கள் குழுவில் யார் சொன்னதும் தப்பில்லை. தாளம் பேசும்போது ஒரு எண் காதில் விழுந்தால் ‘எதை எண்ணுகிறார்கள்’ என்று உடனே கேட்டுவிட வேண்டும். தட்டுகளையா, ஒரு தட்டுக்குள் விழுகிற மாத்திரைகளையா, லகுவின் நீளத்தையா, மொத்தச் சுற்றையா? நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் பழக்குவேன், மற்றதெல்லாம் பிறகு.

ஆதி தாளத்தைக் கையில் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இந்த நாலுக்குப் பெயர் லகு. அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒரு தட்டும் ஒரு வீச்சும் சேர்ந்தது ஒரு திருதம். ஆக 4+2+2, எட்டு. மறுபடி முதல் தட்டுக்கு வந்தால் ஒரு ஆவர்த்தனம் முடிந்தது.

ஜாதி என்பது இந்த லகுவை மட்டும்தான் நீட்டும், குறைக்கும். திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. திருதம் எந்த ஜாதியிலும் 2தான், அனுதிருதம் (ஒற்றைத் தட்டு) 1தான். ஆதி என்று நாம் சொல்வதன் முழுப்பெயர் சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம். அதே திரிபுடத்தை மிஸ்ர ஜாதியில் போட்டால் 7+2+2, பதினொன்று. திரிபுடம் போன்ற அடிப்படைத் தாளம் ஏழையும் ஐந்து ஜாதியால் பெருக்கினால் உங்கள் புத்தகத்தின் 35 வந்துவிடும்.

நடை தட்டுக்கு உள்ளே நடக்கிற விஷயம். கை எட்டையே போடும், வேகமும் மாறாது. சதுஸ்ர நடையில் ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் ‘தகதிமி’, ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. திஸ்ர நடையில் ‘தகிட’, 24. கண்டத்தில் ‘தகதகிட’, 40. மிஸ்ர நடையில் ‘தகிட தகதிமி’ முழுவதும் ஒரே எண்ணிக்கைக்குள் உட்கார வேண்டும், 56. அந்த 35ஐ ஐந்து நடையால் பெருக்கியதுதான் 175.

மிஸ்ர சாப்பு இதிலெல்லாம் சேராது. அங்கே மொத்தச் சுற்றே ஏழு. தகிட, தகதிமி, ஆவர்த்தனம் முடிந்தது.

பேட்காரர் வைத்த 7/8 சாப்புக்குப் பொருந்தும், உள்ளே 3+4 என்று அழுத்தம் வைத்தால். உங்கள் மிருதங்கக்காரர் சொன்னது நடையாக இருந்தால் (பாட்டு ஆதியில் போய்க்கொண்டிருந்தது என்றால் பெரும்பாலும் அதுதான்) மென்பொருளில் 4/4ஐத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு பீட்டையும் ஏழாகப் பிரியுங்கள். இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம்.

நெம்மாறை இலத்தாளம்

உங்கள் செண்டைக்காரர் கேட்டதும் நியாயமான கேள்வி. பாண்டி என்பது செண்டை மேளத்தில் ஒரு வகை, அதன் அடித்தாளம் ஏழு அட்சரம் (எண்ணிக்கை). ஆனால் ஏழோடு தொடங்காது. முதல் காலத்தில் ஒரு சுற்று 56 அட்சரம், அடுத்து 28, அடுத்து 14, கடைசியில் 7. பஞ்சாரி என்கிற இன்னொரு மேளம் ஆறு அட்சரத்தை அடிப்படையாகக் கொண்டது, 96ல் ஆரம்பித்து 48, 24, 12, 6 என்று ஐந்து காலம். பஞ்சவாத்தியத்தில் திரிபுட தாளம், 896, 448, 224, 112, 56 என்று இறங்கி வரும். எல்லாம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிற கணக்கு.

திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளம் பாண்டிதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற அந்த மேளத்தில் ஆரம்பத்தில் சுற்று எங்கே முடிகிறது என்று புதிதாகக் கேட்கிறவருக்குத் தெரியாது. இலத்தாளத்தையும் (பெரிய ஜால்ரா) தாளம் பிடிக்கிற வீக்கன் செண்டையையும் கவனியுங்கள், சுற்றைத் தாங்குவது அவைதான். முன்னணியில் வாசிக்கிற உருட்டு செண்டை எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒவ்வொரு கலாசத்துக்கும் (முடிப்புக் கட்டு) எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள். அந்த இடத்தில்தான் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கும். எண்ணத் தெரியாதவர்கள்கூடத் தப்பாமல் தூக்குவார்கள், வருஷா வருஷம் நின்று கேட்ட பழக்கம் அது.

கொழிஞ்சாம்பாறை கீபோர்ட்

அண்ணா, மிஸ்ர நடை ஆதியிலும் 56, பாண்டி முதல் காலத்திலும் 56. அப்படியானால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வாசிக்க முடியுமா? செண்டைக்காரரையும் மிருதங்கக்காரரையும் சேர்க்க இது ஒரு வழியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அப்புறம் அவர் ‘காலம்’ என்பதும் நாம் ‘காலம்’ என்பதும் ஒன்றா?

தொப்பியும் வலந்தலையும்

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 56 ஒன்றுதான், கட்டுமானம் வேறு. மிஸ்ர நடை ஆதியில் எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏழு மாத்திரை. பாண்டியில் ஏழு அட்சரச் சுற்று எட்டு மடங்காக விரிந்து நிற்கிறது, அதாவது எட்டுகள் ஏழு. நீளம் சரியாகப் பொருந்தும், தொடக்கமும் முடிவும் ஒட்டும், நடுவில் அழுத்தங்கள் வேறு வேறு இடத்தில் விழும். அப்படி விழுவதே அழகு என்று எடுத்துக்கொண்டால் வாசிக்கலாம், ஆனால் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தன் கணக்கை விடாமல் பிடிக்கிறவர்களாக இருக்க வேண்டும்.

காலம் ஒன்றில்லை. கர்நாடக சங்கீதத்தில் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்றால் கை அதே வேகத்தில் போகும், ஸ்வரமோ சொல்லோ இரண்டு மடங்கு, நாலு மடங்கு நெருக்கமாகும். வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுகிறார்களே, அது. மேளத்தில் காலம் மாறினால் சுற்றே பாதியாகச் சுருங்கும், போகப்போக ஓட்டமும் கூடும்.

பாட்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதற்கு நம் சொல் காலப்பிரமாணம். விளம்பம், மத்தியமம், துரிதம். நீங்கள் மென்பொருளில் வைக்கிற டெம்போவுக்கு இதுதான் நேர். களை என்பது இன்னொன்று. இரண்டு களை ஆதி என்றால் ஒவ்வொரு தட்டையும் விரலையும் வீச்சையும் இரண்டு தடவை போட வேண்டும், எட்டு பதினாறாகும். ‘இரண்டு களை’ என்று மிருதங்கக்காரர் சொன்னதும் கிளிக்கின் வேகத்தைப் பாதியாக்காதீர்கள். கிளிக் அப்படியே இருக்கட்டும், ஆவர்த்தனம்தான் இரண்டு பாரிலிருந்து நாலு பாராகிறது.

கோவை மிக்ஸிங் டேபிள்

ஒரு மாற்றுக்கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எதற்கு இத்தனை சொற்கள்? மொத்த மாத்திரை, பிரிவு, வேகம் என்று மூன்றையும் எண்ணாக எழுதிக் கையில் கொடுத்தால் எவரும் வாசித்துவிடுவார். பதிவுக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்கிறோம், தாளத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. பதினாலு என்றால் பதினாலு.

சித்தூர் பாட்டு டீச்சர்

பதிவுக்கூடத்துக்கு அது போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினாலு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பாடுகிறவருக்கு மூச்சு எங்கே விட வேண்டும் என்று தெரியாது. அட தாள வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட ஜாதி அட தாளம், 5+5+2+2. அந்த இரண்டு லகுவிலும் ராகத்தைப் படர விட்டு, கடைசி இரண்டு திருதத்தில் சுருக்கி முடிப்பதாகத்தான் வரிகளே அமைந்திருக்கும். கதகளியில் அடந்தை என்கிற தாளமும் பதினாலுதான். கை விழுகிற இடம் மாறினால் பதம் நிற்கிற இடமும் மாறும். கதகளியின் சம்பைக்கும் நம் மிஸ்ர ஜாதி ஜம்பைக்கும் (7+1+2) அப்படித்தான், இரண்டும் பத்து. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே எண்களை வைத்துக்கொண்டு வேறு வேறு வீடு கட்டியிருக்கிறார்கள். நான் இரண்டையும் கேட்டு வளர்ந்தவள், பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

தம்பி கேட்ட எடுப்புக்கு வருகிறேன். பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் எடுப்பு. முதல் தட்டிலேயே தொடங்கினால் சமம். தட்டு விழுந்த பிறகு தொடங்கினால் அனாகதம், தட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டால் அதீதம். தியாகராஜர் கிருதிகள் பலவற்றில் முதல் தட்டு விழுந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளித்தான் பாட்டு எழும், தேசாதி என்பார்கள். அரை தள்ளி எழுந்தால் மத்தியாதி. கீபோர்டில் முன்னிசை வாசித்துப் பாடகருக்கு இடம் விடுகிறவர் நீங்கள், உங்களுக்கு எல்லாவற்றையும்விட இது முக்கியம். பாட்டின் முதல் எழுத்தைப் பாரின் முதல் பீட்டில் ஒட்ட வைத்தீர்கள் என்றால் எடுப்பு தள்ளி இருக்கிற பாட்டு முழுவதும் இடறிக்கொண்டே போகும்.

உருப்படியின் பாகங்கள் சினிமாப் பாட்டு வாசிக்கிறவருக்குப் பாதி தெரிந்தவைதான். பல்லவி, அனுபல்லவி, சரணம் இருப்பது கிருதி. வர்ணத்தில் பல்லவி, அனுபல்லவிக்குப் பிறகு முக்தாயி ஸ்வரம், பின்பாதியில் சரணமும் எத்துக்கடை ஸ்வரங்களும். ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றித் திரும்பத் திரும்பப் பாடுவது சங்கதி, அது ஏற்கெனவே பாடாந்தரத்தில் (குருவிடம் கற்ற பாடத்தில்) இருப்பது. வரியை வைத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் இருக்கிற இடம் மாறாமல், மேடையிலேயே கற்பனையாக விரிப்பது நிரவல். ராகம் தானம் பல்லவியில் வருகிற ‘பல்லவி’ வேறு. அது ஒரே ஒரு வரி, நடுவில் அருதி என்று ஒரு நிற்கும் இடம், அந்த வரியை வைத்துத்தான் லயக் கணக்கு முழுவதும்.

வேலந்தாவளம் தவில்

6/8 பற்றி யாரும் சொல்லவில்லை, மெல்லிசைக் குழுவில் அதிகம் குழம்புகிற இடம் அதுதான். 6/8 என்று சொன்னதும் பலர் ரூபகம் என்று நினைக்கிறார்கள். கச்சேரியில் ரூபகம் போடுவது மூன்று எண்ணிக்கையாக, தட்டு, தட்டு, வீச்சு. ஒவ்வொன்றிலும் தகதிமி. 3×4, பன்னிரண்டு மாத்திரை. பாடத்தில் திருதம், லகு என்று 2+4 ஆறு எண்ணிக்கையாகச் சொல்லிக்கொடுப்பார்கள், அலங்காரத்தில் அப்படித்தான் வரும். 6/8ல் கால் இரண்டு தடவைதான் விழும், ஒவ்வொன்றிலும் தகிட. அது திஸ்ர நடை. இரண்டு பார் 6/8 சேர்த்தாலும் பன்னிரண்டுதான், ஆனால் 4×3.

காலால் மூன்று தட்டுங்கள், வாயால் தகிட தகிட தகிட தகிட என்று நாலு தடவை சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக முடியும். ரூபகத்தில் தவில்காரர் திடீரென்று திஸ்ரம் போட்டு ஜனங்களை நிமிர வைப்பது இந்தப் பன்னிரண்டை வைத்துத்தான். தாளத்தை மாற்றிவிட்டார் என்று நினைத்து நீங்கள் கீபோர்டில் பின்னாலேயே ஓடாதீர்கள், ஜால்ரா போடுகிறவர் கையைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்ட்

காலால் மூன்று, வாயால் நாலு, செய்து பார்த்தேன். முதலில் கால் வாயோடு சேர்ந்து ஓடுகிறது, மெதுவாகச் சொன்னால் நிற்கிறது. மிகவும் நன்றி அண்ணா, அக்கா. தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதி, முடிகிற நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மிருதங்கக்காரர் முடித்ததும் நான் சரியான இடத்தில் கார்ட் வைக்க வேண்டும்.

தொப்பியும் வலந்தலையும்

முடிகிற நேரத்தில் ஒரு மோரா வரும். அது அநேகமாக ஒரே அச்சில் இருக்கிற, காதுக்குப் பழகிவிடுகிற ஒரு கட்டு. ‘முடிக்கப் போகிறேன், தயாராக இரு’ என்று பாடகருக்குச் சொல்கிற அடையாளம் அது. அதன் பின்னால் கோர்வை என்கிற முடிப்புக் கட்டு, பெரும்பாலும் மூன்று தடவை, அப்புறம் பாட்டு. தனி நீளமாக இருந்து கூடக் கடமோ கஞ்சிராவோ இருந்தால் மோராவுக்கு முன் குறைப்பு வரும். ஆளுக்கு ஒரு ஆவர்த்தனம், பிறகு அரை, பிறகு கால் என்று மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே வந்து கடைசியில் சேர்ந்து வாசிப்பார்கள். குறைப்பு கேட்டதும் விரலைக் கட்டைமேல் வைத்துவிடலாம்.

கோர்வையின் கணக்கைச் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும். ‘ததிங்கிணதோம்’ ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் 15. ஆதியில் சதுஸ்ர நடை 32. பாட்டு சமத்தில் எடுத்தால் 32ல் 15 போக 17. லகுவின் நாலு எண்ணிக்கை முடிய 16, இன்னும் ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கினால் மூன்றாவது ‘தோம்’ முடிந்து நேராக முதல் தட்டில் விழும். நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 5+2+5+2+5, மொத்தம் 19, அப்போது 13 தள்ளி. பாட்டு அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிறதென்றால் உங்களிடம் 34 மாத்திரை இருக்கிறது, 15ஐக் கழித்து 19ல் தொடங்க வேண்டும். டீச்சர் எடுப்பை அவ்வளவு வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான், முடிவு போய்ச் சேர வேண்டிய இடத்தை எடுப்புதான் சொல்கிறது.

சொற்களைக் கூட்டிக் குறைத்து அழகு பண்ணுவதற்கு யதி என்று பெயர். பெரிதில் ஆரம்பித்துச் சிறுத்துக்கொண்டே போனால் கோபுச்சம், சிறிதில் ஆரம்பித்துப் பெருகினால் ஸ்ரோதோவகம். செண்டை மேளத்தின் காலங்களையே மொத்தமாகப் பார்த்தால் ஒரு பெரிய கோபுச்சம் என்று எனக்குத் தோன்றும். பாலக்காடு மணி ஐயர் வாசிப்பில் செண்டையின் சாயல் உண்டு என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். 1966ல் சங்கீத கலாநிதி வாங்கினார், மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. இந்த மண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒலிக்கும்போது காதில் விழாமல் எப்படி இருக்கும்?

நெம்மாறை இலத்தாளம்

வாத்தியத்தைப் பற்றி ஒன்று, உங்கள் குழுவில் அவசியம் வரும். மிருதங்கத்தில் வலந்தலை என்றால் கரணை (கறுப்புப் பூச்சு) வைத்த, ஸ்ருதி சேர்க்கிற வலப்பக்கம், இடப்பக்கத் தொப்பிதான் கனத்த நாதம். செண்டையில் தலைகீழ். இடந்தலைதான் கூர்மையான நாதம், உருட்டு அதில்தான். வலந்தலை பல அடுக்குத் தோல் போட்ட கனத்த பக்கம். ஒலிபெருக்கிக்காரரிடம் ‘வலந்தலைக்கு மைக்கைக் கூட்டு’ என்று இரண்டு பேரும் சொன்னால் அவர் ஒரே மாதிரி வைத்துவிடுவார். மேளச் செண்டைக்கு மைக்கே வேண்டாம் என்பது என் கட்சி, அது தனி.

பஞ்சவாத்தியத்தில் செண்டை கிடையாது. திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு, இவைதான் ஐந்து. உங்கள் கீபோர்டோடு சேர்கிற ஒன்று வேண்டுமென்றால் இடக்கையைக் கேட்டுப் பாருங்கள், கயிற்றை அழுத்தி ஸ்வரமே வரவழைப்பார்கள்.

சித்தூர் பாட்டு டீச்சர்

ஸ்ருதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. அரை என்று சேர்த்துச் சொன்னால் அதற்கு மேலே இருக்கிற கறுப்புக்கட்டை, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கீபோர்டில் பொத்தானை அமுக்கிப் பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதியை மாற்றுகிறீர்கள், மிருதங்கக்காரருக்கு அந்த வசதி இல்லை. கல்லாலும் கட்டையாலும் தட்டிக் கொஞ்ச தூரம்தான் ஏற்றி இறக்க முடியும். ஆண் குரலுக்குத் தக்கு ஸ்ருதி, பெண் குரலுக்கு எச்சு ஸ்ருதி என்று இரண்டு மிருதங்கம் தூக்கிக்கொண்டு வருவது அதனால்தான். பாட்டு வரிசை போடும்போதே ஒரே கட்டைப் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள், அவர் கை ஓயும்.

கோவை மிக்ஸிங் டேபிள்

டீச்சர் சொன்ன அட தாள விஷயத்தை ஒரு வர்ணம் போட்டுக் கையில் எண்ணிப் பார்த்தேன். 5+5+2+2 என்று தெரிந்த பிறகு வரி நிற்கிற இடங்கள் கேட்கின்றன. பதிவுக்கு எண் போதும் என்பதில் எனக்கு மாற்றமில்லை, ஆனால் இனி அட்டையில் 14க்குப் பக்கத்தில் அந்தப் பிரிவையும் எழுதி வைப்பேன்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்ட்

நேற்று மிருதங்கக்காரரிடம் நேராகக் கேட்டேன், “எதை ஏழாக எண்ணச் சொல்கிறீர்கள்?” என்று. நடைதான் என்றார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் இரண்டு ஆவர்த்தனம் மட்டும் ஆதியில் மிஸ்ர நடை, கடைசியில் ததிங்கிணதோம் மூன்று. பேட்காரர் 4/4ஐ வைத்துக்கொண்டு பீட்டை ஏழாகப் பிரித்துவிட்டார். செண்டைக்கு அந்த இடத்தில் என்ன கொடுப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

நெம்மாறை இலத்தாளம்

அந்த இரண்டு ஆவர்த்தனத்துக்கு வலந்தலையில் ஆதியின் எட்டு எண்ணிக்கையை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், உருட்டு வேண்டாம். ததிங்கிணதோம் மூன்றாவது முறை வரும்போது இடந்தலையில் சேர்ந்துகொள்ளட்டும்.

தொப்பியும் வலந்தலையும்

அதுவே சரி. 56 மாத்திரையில் 15 போக 41 வருகிறது, அதாவது ஐந்து எண்ணிக்கை முடிந்து ஆறு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். எல்லோரும் ஒரு தடவை வாயால் சொல்லிக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு வாத்தியத்தைத் தொடுங்கள்.